பொழுது மாறிற்று, சொல் சென்று சேர்ந்ததா?

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கணம் வகுத்த அடிப்படை. அந்நிலத்தில் விளையும் பயிரும் மரமும், வாழும் பறவையும் விலங்கும், மக்கள் செய்யும் தொழிலும் கருப்பொருள். மாந்தரின் ஒழுகலாறு உரிப்பொருள். மாணாக்கர் இவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகின்றனர், நன்மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆனால் இவ்வரிசையில் நிலத்துக்கும் பொழுதுக்கும் முதலிடம் ஏன் அளிக்கப்பட்டது என்னும் வினா வகுப்பறைகளில் அரிதாகவே எழுகிறது. பொழுது பிறழ்ந்தால் பயிர் பிறழும். பயிர் பிறழ்ந்தால் தொழில் பிறழும். தொழில் பிறழ்ந்தால் இல்லத்தின் அமைதியும் பிறழும். இவ்வுண்மையை அறிந்தவர்களே பொழுதை முதற்பொருள் என்றனர்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறு. ஆவணி தொடங்கி ஆடி வரை இரண்டிரண்டு மாதங்களாக இவற்றை வகுத்தனர். தமிழ் மாதங்கள் கதிரவன் வழி நடப்பவை; ஆதலின் மாதத்தின் பெயரைச் சொன்னாலே பருவம் விளங்கும். பிறையை அடியொற்றிய மாதங்களோ ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வருபவை. நோன்பைக் கோடையிலும் குளிரிலும் நோற்றவர்களுக்கு மாதம் வேறு, பருவம் வேறு என்பது அனுபவப் பாடம். அவ்வேறுபாட்டை இன்று நாடு முழுவதும் கற்க வேண்டிய நிலை வந்துள்ளது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியில் ஆடி என்பது வெறும் பெயரன்று. அது உழவனுக்கு விடுக்கப்பட்ட அறிவிப்பு. அவ்வறிவிப்பை நம்பி வாழ இயலாத காலம் வந்தால் அதன் இடத்தில் வேறோர் அறிவிப்பு வந்து நிற்க வேண்டும். அது யாருடைய மொழியில் வரப்போகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவுக்கு விடை காண 2024-ஆம் ஆண்டில் இந்திய நாட்டின் வானிலை சென்ற வழியைப் பின்தொடர்வோம். 1901 முதல் கணக்கிடப்பட்டு வரும் ஆண்டுகளில் அதுவரை வந்தவற்றுள் மிகுந்த வெப்பம் கண்டது 2024 என்று இந்திய வானிலை ஆய்வுத்துறை அறிவித்தது. 1991 முதல் 2020 வரையிலான சராசரியைக் காட்டிலும் அவ்வாண்டு 0.65 டிகிரி செல்சியஸ் மிகுதி. அரை டிகிரிதானே என்று எண்ணுதல் கூடாது. மனித உடலின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மருத்துவரைத் தேடுகிறோம்.

பனிக்காலம்

அவ்வாண்டு பிறக்கும்போதே தென்தமிழகம் ஈரம் உலராத நிலையில் இருந்தது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுதும் பெறும் சராசரி மழையை ஒரே நாளில் அவ்வூர் பெற்றது.

ஜனவரி வந்தது. வடபுலச் சமவெளியை அடர்பனிமூட்டம் மூடிற்று. தில்லியில் விமானங்கள் தடைப்பட்டன. அதே வேளையில், பனி பொழிந்தே ஆக வேண்டிய காசுமீரத்தின் குல்மார்க் சரிவுகள் ஜனவரி நடுவில் வெற்று நிலமாகக் கிடந்தன. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை அங்குள்ளோர் 'சில்லை கலான்' என்பர். அந்நாட்களில் பொழியும் பனியே கோடையில் ஆறாகவும் ஓடையாகவும் ஓடி வயலையும் தோட்டத்தையும் வாழ்விப்பது. அவ்வாண்டில் அது பெரும்பாலும் பொய்த்து, நாற்பது நாள் முடியும் தறுவாயில்தான் பனி பொழிந்தது. பிப்ரவரியில் மலைகள் வெள்ளாடை உடுத்தின. கண்ணுக்குக் காட்சி கிடைத்தது. ஆனால் காலம் தாழ்ந்து விழும் பனி இறுகி நிலைக்கு முன்னரே வெயில் வந்து அதனை உருக்கிவிடும் என்பதே அங்குள்ள உழவர்தம் கவலை.

வேனிற்காலம்

மார்ச் திங்களில் பெங்களூர் மாநகரம் குடிநீருக்குத் தவித்தது. முந்தைய ஆண்டில் பருவமழை குறைந்ததால் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றின. நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர் தேவைப்படும் நகரில் 50 கோடி லிட்டர் பற்றாக்குறை என்று அம்மாநில முதலமைச்சர் கூறினார். குடிநீரால் வாகனம் கழுவுவோர்க்கு ஐயாயிரம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. ஏரிகளால் பெயர் பெற்ற ஊர், ஏரிகளை இழந்தபின் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றது.

ஏப்ரலில் வெப்ப அலை கிழக்கிலும் தெற்கிலும் வீசியது. மேற்கு வங்கத்தின் கலாய்குண்டாவில் ஏப்ரல் 30 அன்று 47.2 டிகிரி பதிவாயிற்று. பசுமைக்குப் பெயர் பெற்ற கேரளத்தின் சில மாவட்டங்களுக்கும் வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. உதகமண்டலத்தில் அம்மாத இறுதியில் 29 டிகிரி. அந்நகரில் அதற்கு முன் பதிவாகாத வெப்பம் அது. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. மழை பொய்த்து வெயில் மிகும்போது காடும் மலையும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அதனைக் கற்பனை என்று எண்ணியவர்கள் அவ்வாண்டின் ஏப்ரலை எண்ணிப் பார்க்கலாம்.

மே மாதத்தின் பிற்பகுதியில் வடமேற்கு இந்தியா கொதித்தது. மே 28-இல் இராசத்தானத்தின் சூருவில் 50.5 டிகிரி. மறுநாள் தில்லி முங்கேசுபூரில் 52.9 டிகிரி என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பின்னர் அக்கருவியை ஆராய்ந்த வானிலைத் துறை, அது மூன்று டிகிரி மிகுத்துக் காட்டியது என்று தானே முன்வந்து அறிவித்தது. அத்திருத்தத்தை நாம் பாராட்டுகிறோம். மக்கள் உயிர் ஒரு சொல்லை நம்பி இருக்கும்போது அச்சொல் மெய்யாக இருத்தல் வேண்டும்.

நாடு பொதுத்தேர்தலில் மூழ்கியிருந்த காலமும் அதுவே. இறுதிக்கட்ட வாக்குப்பதிவு நாளான ஜூன் 1 அன்று உத்தரப்பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியில் இருந்தோர் 33 பேர் வெப்பத்தால் மாண்டனர் என்று அம்மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலர் தெரிவித்தார். அவர்களுள் ஊர்க்காவல் படையினரும் துப்புரவுப் பணியாளரும் இருந்தனர். வெயில் கொடியது என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். நிழலில் ஒதுங்கும் உரிமை இல்லாதவர்கள். மார்ச் முதல் ஜூன் நடுப்பகுதி வரை வெப்பத்தாக்கு என ஐயுறப்பட்டோர் 40,000-க்கும் மேற்பட்டோர். உறுதி செய்யப்பட்ட இறப்புகள் 110 என்பது நடுவண் நலவாழ்வு அமைச்சகத்தின் கணக்கு.

அதே மே மாதத்தில் தெற்கே வெள்ளமும் வந்தது. குற்றாலத்தில் சாரல் ஆனியிலும் ஆடியிலும் வருவது. ஆனால் மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டு சென்றது. மே 26 இரவு ரெமால் புயல் வங்கக் கரையைக் கடந்தது. அதன் தொடர்மழையால் தொலைவிலுள்ள மிசோரத்தில் கல்குவாரி சரிந்து பலர் மாண்டனர்.

கார்காலம்

தென்மேற்குப் பருவமழை மே 30 அன்று, வழக்கத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே, கேரளத்தைத் தொட்டது. உழவர் மகிழ்ந்தனர். ஆனால் ஜூனில் நாட்டின் மழை 11 விழுக்காடு குறைந்தது. தில்லியிலோ ஜூன் 28 அன்று ஒரே நாளில் 228 மி.மீ. பெய்தது, அம்மாதம் முழுதும் பெய்ய வேண்டியதன் மும்மடங்கு அது. ஒரு மாதம் முன்பு வெயிலால் வருந்திய அதே நகரம் வெள்ளத்தால் வருந்தியது. விமான நிலையத்தின் முகப்புக் கூரை சரிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது.

ஜூலை 30. வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள் உறக்கத்தில் இருந்தபோது மலை இறங்கி வந்தது. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடையாளம் காண இயலாத உடற்பகுதிகள் எண்ணிட்டு அடக்கம் செய்யப்பட்டன. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் மண்ணில் மறைந்தன. முன்கூட்டியே எச்சரித்தோம் என்று நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. நிலச்சரிவுக்கு முன்னர் வந்தது ஆரஞ்சு எச்சரிக்கைதான், சிவப்பு எச்சரிக்கை பின்னரே வந்தது என்று மாநில அரசு மறுத்தது. எவர் கூற்று மெய் என்று தீர்ப்பளிப்பது நம் பணி அன்று. மலைச்சரிவில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளிக்கு எந்த நிறமும் 'எழுந்து கீழே இறங்கு' என்று அவர் மொழியில் சொல்லவில்லை என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

ஆகஸ்டில் மழை இயல்பைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு மிகுந்தது. திரிபுரா வெள்ளத்தில் அமிழ்ந்தது. குசராத்தின் வதோதராவில் விசுவாமித்திரி ஆறு பெருகி, முதலைகள் குடியிருப்புகளுக்குள் புகுந்தன. நிலத்தின்மேல் நின்ற தாழ்வு மண்டலம் மேற்கே நகர்ந்து ஆகஸ்டு 30 அன்று அரபிக்கடலில் அசுனா என்னும் புயலாயிற்று. அக்கடலில் ஆகஸ்டில் புயல் உருவானது 1976-க்குப் பின் அதுவே முதன்முறை.

செப்டம்பர் தொடக்கத்தில் புடமேறு கரை உடைந்து விசயவாடா நகரம் நீரில் நின்றது. பிரகாசம் அணையிலிருந்து வினாடிக்கு 11 இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் வெளியேறியது. மாத இறுதியில் கோசி ஆறு பீகாருக்குள் 1968-க்குப் பின் காணாத அளவில் பாய்ந்தது.

பருவம் முடிந்தபின் வெளிவந்த கணக்கு நம் சிந்தனைக்குரியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு பெற்ற மழை 934.8 மி.மீ.; சராசரியில் 108 விழுக்காடு. 'நல்ல மழை' என்று ஏடுகள் எழுதின. ஆயின் மத்திய இந்தியாவில் 19 விழுக்காடு மிகுதி. வடகிழக்கில் 14 விழுக்காடு குறைவு. வெள்ளத்தில் அமிழ்ந்த திரிபுராவும் அக்குறைமழை மண்டலத்தைச் சேர்ந்ததே. சராசரி என்பது தலைநகரில் எழுதப்படும் எண். உழவன் சராசரியில் விதைப்பதில்லை, தன் வயலில் விதைக்கிறான்.

கூதிர்காலம்

கூதிர் என்ற சொல்லிலேயே குளிர்காற்று வீசும். ஆனால் 1901-க்குப் பின் அதுகாறும் வந்த அக்டோபர்களுள் மிக வெப்பமானது 2024 அக்டோபர். அக்டோபர் 15 அன்று தென்மேற்குப் பருவமழை விடைபெற்ற நாளிலேயே வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2015 வெள்ளத்தை மறவாத வேளச்சேரி மக்கள் தம் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினர். அஞ்சிய அளவு மழை வரவில்லை; சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. எச்சரிக்கையைக் கேட்டு, அதன் பொருளை உணர்ந்து, செயல்பட்டவர்கள் அவர்கள். குடை எடுத்துச் சென்ற நாளில் மழை வராமற்போனால் குடையைப் பழித்தல் அறிவன்று.

அம்மாதம் 24-ஆம் நாள் இரவு டானா புயல் ஒடிசாவில் கரையேறியது. அதற்கு முன்னரே ஏறத்தாழ ஆறு இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உயிரிழப்பு நேரவில்லை என்று அம்மாநில அரசு அறிவித்தது. இதே ஒடிசாவில் 1999 அக்டோபர் பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். இடைப்பட்ட 25 ஆண்டுகளில் கடல் சினம் தணியவில்லை. புயல் காப்பகங்கள் எழுந்தன. ஊர்தோறும் தொண்டர் பயிற்றுவிக்கப்பட்டனர். எச்சரிக்கை ஊரார் மொழியில் வாயிற்கதவைத் தட்டியது.

நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் சில மணி நேரத்தில் 40 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் நின்று பொழிந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.; மயிலத்தில் அதனினும் மிகுதி. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் ஒரு வீட்டில் இருந்த எழுவர் மண்ணுள் புதைந்தனர். அவர்களுள் ஐவர் சிறார். மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. முன்னறிவிப்புகள் செய்தோம் என்றது அரசு. உரிய காலத்தில் எட்டவில்லை என்றனர் கரையோர மக்கள். வயநாட்டில் கேட்ட அதே உரையாடல். 'சொன்னோம்' என்பதற்கும் 'கேட்டோம்' என்பதற்கும் இடையே ஓர் இருள்வெளி உள்ளது. ஏழையரின் உயிர் அங்கேதான் போகிறது.

ஆண்டு முடியும் தறுவாயில், டிசம்பர் 27 அன்று, தில்லியில் அம்மாதத்துக்கு நூறாண்டுகளாகக் காணாத மழை பெய்தது. தமிழகம் வடகிழக்குப் பருவத்தில் இயல்பைவிட 33 விழுக்காடு மிகுந்த மழையுடன் ஆண்டை முடித்தது.

எழக்கூடிய மறுப்பு

புயலும் வெள்ளமும் என்றும் உள்ளவை அல்லவா என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். மெய்தான். 1964 டிசம்பரில் தனுசுக்கோடியைக் கடல் கொண்டது. 2024-இன் வெப்பத்தில் முந்தைய ஆண்டு தொடங்கிய எல் நினோவுக்கும் பங்கு உண்டு. நிகழ்ந்தவை அனைத்தையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் ஏற்றுதலும் முறையன்று. ஏரியில் வீடு கட்டியதும், ஓடையை அடைத்ததும், மலையை அறுத்ததும் நம் கைகளே. ஆயினும் காற்று ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல் விதி. ஆதலின் பெய்யாத நாள் நீளும். பெய்யும் நாளில் கொட்டும். இதுவே பன்னிரு மாதங்களும் நமக்குச் சொல்லும் செய்தி.

தமிழ்த்துறையின் கடன்

இவை அறிவியல் துறையாரின் கவலை, தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்குதல் தகாது. 1875-இல் தோன்றிய வானிலை ஆய்வுத்துறையிடம் இன்று செயற்கைக்கோளும் கதிர்வீச்சுக் கருவியும் உள்ளன. அளக்கத் தெரிகிறது; பெரும்பாலும் முன்னறியவும் தெரிகிறது. குறைபடுவது சொல்லின் கடைசிக் கல் தொலைவு. அது மொழியின் எல்லைக்குள் வருவது.

கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று வானொலியும் தொலைக்காட்சியும் சொல்கின்றன. இவற்றின் வேறுபாடு என்ன என்று பட்ட வகுப்பு மாணவரைக் கேட்டால் எத்துணைப் பேர் விடையளிப்பர்? 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 6.5 முதல் 11.5 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 20.4 செ.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. 20 செ.மீ. மழை என்றால் ஆயிரம் சதுர அடிக் கூரையின் மேல் மட்டும் ஏறத்தாழ 18,500 லிட்டர் நீர்; 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றரை. இவ்வாறு சொன்னால் எழுத்தறியாத மூதாட்டிக்கும் விளங்கும். மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு. சிவப்பு என்றால் செயல்படு. இந்நிறங்களுக்கு உரை எழுதுவதும் உரையாசிரியர் மரபைச் சேர்ந்த பணியே.

மற்றொரு பக்கம், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் முதியோரிடம் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றின் பெயர்கள் உள்ளன. உழவரிடம் மேகத்தின் நிறத்துக்கும் மின்னலின் திசைக்கும் சொற்கள் உள்ளன. அவற்றைத் தொகுக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக அன்று. அறிவியலாரின் எச்சரிக்கையை மக்கள் நாவில் ஏற்றுவதற்காக.

ஆகவே மூன்று செயல்களை நாம் முன்மொழிகிறோம். கல்லூரி வளாகத்தில் ஒரு மழைமானி நிறுவி, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளந்து கரும்பலகையில் எழுதும் பொறுப்பைத் தமிழ்த்துறை மாணவர் ஏற்க வேண்டும். வானிலை எச்சரிக்கை வரும் நாளில் அதனை எளிய தமிழில் ஐந்து வரியாக்கிப் பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கி வழியே ஊராருக்கு அறிவிக்க ஊர்ப்பெரியோர் இசைவளிக்க வேண்டும். தாழ்வான பகுதிகளில் வாழ்வோர், தனித்திருக்கும் முதியோர், வெயிலில் உழைப்போர் ஆகியோரின் இருப்பிடங்களை அறிந்து, எச்சரிக்கை நாளில் யார் யாரிடம் செல்வது என்று முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். இம்மூன்றுக்கும் பெரும்பொருள் தேவையில்லை. ஒடிசாவின் சிற்றூர்கள் செய்ததை நம் ஊர்களும் செய்ய இயலும்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று ஏட்டில் கற்பிக்கும் துறை, அவ்விரண்டும் மாறி மக்கள் தவிக்கும்போது வாளாவிருத்தல் இயலாது. அடுத்த கூதிர் வருமுன் மழைமானி வாயிலில் நிற்கட்டும். அடுத்த எச்சரிக்கை வரும்போது, 'எங்களுக்கு எவரும் சொல்லவில்லை' என்று நம் ஊரில் ஒருவரும் கூறாதிருக்கட்டும்.